காயலான் கடையில் ஒரு பந்தயக் கார்



பழைய இரும்பு விற்கும் கடைக்குச் சென்னையில் ‘காயலான் கடை’ என்று பெயர். காயல்பட்டினத்திலிருந்து பட்டணத்திற்குச் சென்று பழைய உலோக வாணிபம் செய்தவர்களால் வந்த பெயர் இது என்பர். ஓர் ஊரின் பெயர் ஒரு தொழிலின் பெயராகி, நாளடைவில் ஏளனச் சொல்லாகவும் ஆகிவிட்டது. ஓடாத வண்டியைக் கண்டால், “காயலான் கடைக்குப் போட வேண்டியதுதானே!” என்று கேட்கிறோம். ஆனால் அக்கடையின் உள்ளே சென்று அரைமணி நேரம் நின்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். வண்டி செத்திருக்கும்; அதன் சக்கரம் உயிரோடு கிடக்கும். எஞ்சின் உடைந்திருக்கும், அதன் சங்கிலியோ இன்னும் பத்தாண்டு உழைக்கும். அதே குவியலில், பார்வைக்குப் பளபளவென்று கிடந்தும் உள்ளுக்குள் விரிசல் கண்டு, நம்பியவரைக் கொல்லக் காத்திருக்கும் துண்டும் ஒன்று இருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி? இதை விளங்கிக்கொள்ள, காயலான் கடைச் சரக்கிலேயே பந்தயக் கார் செய்யும் சிலரை இம்மாதம் உங்களுக்கு அறிமுகப்படுத்த விழைகிறேன்.

அவர்கள் செய்யும் வண்டிக்கு ‘சைக்கிள்கார்ட்’ என்று பெயர். அமெரிக்காவில், தென் கலிஃபோர்னியாவில், 1990களில் ஸ்டீவன்சன் என்னும் குடும்பத்தாரும் அவர்தம் நண்பர்களும் தொடங்கிவைத்த பொழுதுபோக்கு அது. 1920களிலும் 1930களிலும் ஐரோப்பியப் பந்தயங்களில் ஓடிய புகாட்டி, ஆல்ஃபா ரோமியோ, ஆஸ்டின் முதலிய கார்களின் சாயலில், ஒருவர் மட்டும் அமரக்கூடிய சிறு வண்டியை வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே செய்து ஓட்டுவார்கள். பெயரில் சைக்கிள் இருப்பினும் அது மிதிவண்டி அன்று. நான்கும் மோட்டார் சைக்கிளின் மெல்லிய கம்பிச் சக்கரங்கள். முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே ஏறத்தாழ ஐந்தரை அடி. இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் இடையே மூன்று அடி. மொத்த எடை 110 கிலோவைச் சுற்றி இருக்கும். இருவர் சேர்ந்தால் தூக்கி நகர்த்திவிடலாம்.

வண்டியை இழுப்பது, தண்ணீர் இறைக்கவும் மின்சாரம் எடுக்கவும் பயன்படும் சாதாரண பெட்ரோல் எஞ்சின். 200 சி.சி.க்குச் சற்றுக் குறைவு. ஆறு, ஆறரைக் குதிரைத்திறன். இதற்கு மேல் பெரிய எஞ்சின் வைப்பதில்லை என்பது அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். இந்த ஒப்பந்தத்தைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன். பணம் படைத்தவர் பத்து மடங்கு செலவழித்தாலும் பக்கத்து வீட்டுக்காரரை விட்டு வெகுதூரம் ஓடிவிட முடியாது. வாஷிங்டன் மாநிலத்தில் டையட்டன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கு இவ்வண்டிகள் திரளும்போது, எந்த வண்டி முதலில் வந்தது என்பதைவிட, எந்த வண்டியின் எண்ணெய் மூடி எந்தச் சமையலறையிலிருந்து வந்தது என்பதே மிகுதியாகப் பேசப்படும் என்று சொல்லலாம்.

பழைய காரைக் குப்பையிலிருந்து எடுத்துப் பந்தயத்துக்கு ஆக்கும் வழக்கம் இவர்களோடு தொடங்கியதன்று. 1922ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹெர்பெர்ட் ஆஸ்டின் ‘ஆஸ்டின் செவன்’ என்ற சின்னஞ்சிறு காரை வெளியிட்டார். அதன் வரைபடங்களை வரைந்த ஸ்டான்லி எட்ஜுக்கு அப்போது வயது பதினெட்டு. 1939 வரை ஏறத்தாழ 2,90,000 கார்கள் செய்யப்பட்டன. அவ்வளவு கார்கள் ஓடித் தேய்ந்தபோது, அவற்றில் பல பழைய இரும்புக் கடைக்கு வந்தன. போருக்குப் பிந்திய பஞ்ச காலத்தில் கையில் காசில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்கி, மேற்கூட்டைக் கழற்றி எறிந்து, தகரமும் பலகையும் கொண்டு புது உடல் போர்த்தினர். 1948இல் காலின் சேப்மன் தம் முதல் காரை உருவாக்கியது பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைக் கொண்டுதான். ‘லோட்டஸ்’ என்ற புகழ்மிக்க கார்களின் வரிசை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

அதே ஆஸ்டின் செவன் நியூசிலாந்தில் ஒரு வீட்டுக்கும் வந்தது. ஆக்லாந்து நகரில் பெட்ரோல் நிலையமும் பட்டறையும் நடத்திவந்த லெஸ் மெக்லாரனின் மகன் புரூஸ். ஒன்பது வயதில் அவனுக்கு இடுப்பு மூட்டைத் தாக்கும் பெர்த்திஸ் என்ற நோய் வந்தது. ஓடித் திரிய வேண்டிய பருவத்தில் ஆண்டுக்கணக்கில் மருத்துவ இல்லத்தில் கால் அசையாது படுத்துக் கிடந்தான். எழுந்தபோது ஒரு கால் மற்றொன்றைவிடக் குட்டையாக இருந்தது. மற்றப் பிள்ளைகளைப் போல் அவனால் பந்து விளையாட முடியவில்லை. தந்தை, கழற்றிப் போடப்பட்டிருந்த ஓர் ஆஸ்டின் செவன் பந்தயக் காரை வாங்கி வந்தார். கார் என்பதைவிட, காராகப் பூட்டப்பட வேண்டிய துண்டுகளின் குவியல் என்பதே பொருந்தும். தந்தையும் மகனும் அதைப் பூட்டினர். 1952இல், மீசை அரும்பாத வயதில், அச்சிறுவன் அந்தக் காரிலேயே தன் முதல் போட்டியில் கலந்துகொண்டான். 1959இல், இருபத்திரண்டே வயதில், அமெரிக்க கிராண்ட் பிரி பந்தயத்தில் வென்றான். இன்று உலகறிந்த மெக்லாரன் என்ற பெயர் அவனுடையது. இவனிடம் நாம் இன்னொரு முறை வர வேண்டியிருக்கிறது. அது வேறு காரணத்துக்காக.

இனி வண்டிக்கு வருவோம்.

சைக்கிள்கார்ட் செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது சக்கரங்களை. சக்கரத்தின் உயரம் தெரிந்த பின்னரே மற்ற அளவுகளை வரைய முடியும். அவர்கள் விரும்புவது 17 அங்குலச் சக்கரம். 1958இல் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் கப்’ என்ற சிறு மோட்டார் சைக்கிளால் உலகெங்கும் பரவிய அளவு அது. எஞ்சினும் பல வண்டிகளில் ஹோண்டாவினுடையதே. இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது, பாருங்கள். போரில் தோற்ற ஜப்பானில், 1946இல், சொயிச்சிரோ ஹோண்டா என்பவர் இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்து எஞ்சிப்போன சிறு எஞ்சின்களைக் கண்டார். அவற்றை வாங்கிச் சைக்கிள்களில் பூட்டி விற்றார். முதல் மாதிரிக்குப் பெட்ரோல் தொட்டி கிடைக்கவில்லை. குளிர்காலப் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் கலத்தையே தொட்டியாக வைத்துக் கட்டினார். எஞ்சிய எஞ்சின்கள் விற்றுத் தீர்ந்த பின்னரே சொந்தமாக எஞ்சின் செய்யத் தொடங்கினார். காயலான் கடைச் சரக்கில் பிறந்த நிறுவனத்தின் எஞ்சின், காயலான் கடைச் சரக்கில் பிறக்கும் காரில் வந்து அமர்வது முறைதானே!

சக்கரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பும்போது சாய்கிறது. சாய்வதால் பாரம் முழுவதும் சக்கரத்தின் நேர்வாக்கில் இறங்குகிறது. நான்கு சக்கர வண்டியோ சாய்வதில்லை. அதே வளைவில் அது சக்கரத்தைப் பக்கவாட்டில் நெருக்குகிறது. அந்த நெருக்கலைத் தாங்குவதற்கென்று அச்சக்கரத்தின் கம்பிகள் கட்டப்படவில்லை. போதாக்குறைக்கு, மோட்டார் சைக்கிளில் அச்சாணியின் இரு முனைகளையும் போர்க் பற்றியிருக்கும். இவ்வண்டியில் சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே பிடிப்பில் தொங்கும். ஆகவே அனுபவசாலிகள் பழைய சக்கரத்தின் நடுக்குடத்தையும் வளையத்தையும் வைத்துக்கொண்டு, கம்பிகளைத் தடித்த புதுக் கம்பிகளாக மாற்றுவர். பழைய அச்சாணியைத் தூக்கி எறிந்துவிட்டு, அதைவிடப் பருத்த உயர்தர எஃகில் புதிதாகக் கடைந்து போடுவர். சைக்கிள் சக்கரத்தை இதற்குப் பயன்படுத்துவது அறவே கூடாது. முதல் வேகமான திருப்பத்திலேயே அது அப்பளமாக நொறுங்கும்.

டயர் பழையதாயின் அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் தேயாமலேயே முதுமையால் இறுகிப்போகும் ரப்பர், ஈரத்தில் பிடிமானம் இழக்கும்.

அடுத்தது அடிச்சட்டம். இரண்டு நீளமான சதுரக் குழாய்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் குழாய்கள். ஏணியைப் படுக்கவைத்தாற்போல் இருக்கும். இதற்கு எத்தகைய பழைய இரும்பும் ஆகும் என்று தோன்றும். அங்குதான் ஏமாற்றம். அமெரிக்காவில் பழைய இரும்புக் கட்டில்களின் கோணச் சட்டங்கள் எங்கும் கிடைக்கும், நேராகவும் வலுவாகவும் இருக்கும், விலையோ சொற்பம். ஆனால் அவற்றில் பல, கழித்துப்போட்ட இரயில் தண்டவாளங்களை உருட்டிச் செய்தவை. கரிமம் மிகுந்த எஃகு. வெல்டிங் செய்தால் பற்றவைத்த இடத்தின் ஓரம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைகிறது. பல நாள் ஓடும். ஒரு நாள் குழியில் இறங்கி ஏறும்போது ‘டக்’கென்று முறியும். கட்டிலாக இருந்தவரையில் அது நல்ல இரும்புதான். கட்டில் குதிப்பதில்லையே!

துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய் வேறு வகையில் கெடுதி. அதைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகையை மூச்சில் இழுத்தவர்க்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் காணும். அந்தப் பூச்சை முழுவதும் அராவி நீக்காமல் நெருப்புக் காட்டக் கூடாது. அடிச்சட்டத்துக்குப் புதுக் குழாய் வாங்க ஆகும் செலவு, மொத்தச் செலவில் ஒரு சிறு பங்கே. இந்த ஓரிடத்தில் சிக்கனம் பார்ப்பவரை நான் சிக்கனக்காரர் என்று சொல்ல மாட்டேன்.

பழைய துண்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. இரயில்வே பட்டறைகளில் அச்சாணிகளைச் சோதிக்கப் பல்லாண்டு கையாண்ட முறை. துண்டை நன்றாகத் துடைத்து மண்ணெண்ணெய்யில் ஊறவிட வேண்டும். எடுத்து உலரத் துடைத்து, சுண்ணாம்புத் தூளை நீரில் குழைத்து மெல்லப் பூசிக் காயவிட வேண்டும். விரிசல் இருந்தால், அதனுள் புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெண்பூச்சில் மயிரிழைபோல் ஒரு கருங்கோடு இழுக்கும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தானே வாய் திறந்து குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் இருக்கும். கோடு விழுந்த துண்டைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் கோடு விழாத துண்டையும் ஸ்டியரிங்கில் போடாதீர்கள்.

ஏன் அத்தனை கண்டிப்பு என்றால், ஸ்டியரிங்கிலும் பிரேக்கிலும் ஏதேனும் ஒன்று விட்டுப்போனால் ஓட்டுபவருக்கு இரண்டாவது வழி கிடையாது. எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும். கமான் பட்டை முறிந்தால் வண்டி ஒரு பக்கம் படியும். சக்கரத்தைத் திருப்பும் தண்டு கழன்றாலோ, கையில் வெறும் வட்டம் மட்டுமே இருக்கும். ஆதலால் திருப்பும் தண்டுகள், அவற்றின் முனை மூட்டுகள், போல்ட்டுகள், நட்டுகள் அனைத்தும் புதியனவாக இருக்க வேண்டும். நட்டு தானாகக் கழலாதபடி பின் செருகிப் பூட்டியிருக்க வேண்டும்.

திருப்பத்தின் கணக்கு மிகவும் பழையது. திரும்பும்போது உட்புறச் சக்கரம் சிறு வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரு வட்டத்திலும் செல்கின்றன. இரண்டையும் ஒரே அளவு திருப்பினால் ஒன்று தரையில் தேயும். குதிரை வண்டிகளுக்காக ஜெர்மானியர் லாங்கென்ஸ்பெர்கர் கண்ட தீர்வை, 1818இல் லண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மன் தம் பெயரில் காப்புரிமை பெற்றார். பெயரும் அவருடையதாகவே நிலைத்துவிட்டது. முன் சக்கரங்களின் கைகளை நேராக வைக்காமல், அவற்றின் கோடுகள் பின் அச்சின் நடுவில் சென்று கூடும்படிச் சாய்த்து வைத்தால் போதும். தரையில் சுண்ணாம்புக் கோடும் ஒரு நூலும் கொண்டு இதைச் சரிபார்க்கலாம்.

பிரேக்கைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. எங்கள் சிறுபிராயத்தில் தெருவுக்கொரு பேரிங் வண்டி இருந்தது. என் மூத்த காக்கா லாரிப் பட்டறையில் கெஞ்சி வாங்கிவந்த மூன்று தேய்ந்த பேரிங்குகள், வீட்டுக் கொல்லையில் கிடந்த கதவுப் பலகை, முன்னால் காலால் உதைத்துத் திருப்ப ஒரு குறுக்குக் கட்டை; இவ்வளவுதான் வண்டி. எப்படித் திருப்புவது என்று மூன்று நாள் விவாதித்தோம். எப்படி நிறுத்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாலத்துச் சரிவில் காக்கா அமர்ந்திருக்க, தள்ளிவிட்டவன் நான். கீழே தண்ணீர்க் குடத்துடன் ஒரு மூதாட்டி வந்துகொண்டிருந்தார். குடம் உடைந்தது, அவர் கையும் முறிந்தது. வாப்பா எங்களை அடிக்கவில்லை. அன்றிரவே அந்தப் பலகையைக் கோடரியால் பிளந்து அடுப்படியில் அடுக்கினார். அந்தக் கை கூடும்வரை உம்மா இரு வேளையும் அவ்வீட்டுக்குச் சோறு கொடுத்தனுப்பினார். தூக்குப் பாத்திரத்தைச் சுமந்து சென்றவர்கள் நாங்கள் இருவரும்.

சைக்கிள்கார்ட்டிலும் இதையொத்த ஒரு மறதிக்கு இடமுண்டு. எளிமைக்காகப் பெரும்பாலோர் பின் அச்சில் ஒரு சக்கரத்தை மட்டுமே பூட்டுகிறார்கள். மற்றது தன்னிச்சையாகச் சுழலும். இதனால் திருப்பத்தில் இடர்ப்பாடு இல்லை. காரில் உள்ளது போன்ற பல்சக்கரப் பெட்டியும் தேவைப்படாது. ஆனால் அந்த அச்சின் மீது ஒரு பிரேக்கை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணினால், அது பூட்டிய ஒரே சக்கரத்தைத்தான் பிடிக்கும். வண்டி ஒரு பக்கம் இழுத்துச் சுழலும். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே பிடிக்க வேண்டும். பழைய மொபெட்டின் பிரேக் டிரம் நன்றாகவே உதவும். ஆனால் அதன் உள்ளேயுள்ள கட்டைகளும், இழுக்கும் கம்பியும் புதியனவாக இருக்கட்டும்.

எஞ்சினைப் பற்றி ஒன்றே ஒன்று. பம்ப்செட் எஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்த ‘கவர்னர்’ என்ற உறுப்பு உண்டு. நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,600 சுற்றுகளுக்கு மேல் அது விடாது. இளைஞர்கள் முதலில் கழற்ற நினைப்பது அதைத்தான். கழற்றினால் எஞ்சின் பாய்ந்து சுழலும், மெய்தான். ஆனால் அதன் வார்ப்பிரும்புச் சக்கரமும் இணைப்புத் தண்டும் அந்த வேகத்துக்கென்று செய்யப்பட்டவை அல்ல. வெடித்துச் சிதறினால் அவை ஓட்டுபவரைத் தாக்கக்கூடும். எஞ்சினிலிருந்து விசையை எடுத்துச் செல்லும் பெல்ட்டுக்கும் சங்கிலிக்கும் தகரமூடி போட்டாக வேண்டும். கைலி கட்டிக்கொண்டோ, துப்பட்டாவைத் தொங்கவிட்டுக்கொண்டோ அதன் அருகில் யாரும் நிற்கக் கூடாது.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகு, மகிழ்ச்சியான பகுதிக்கு வந்துவிட்டோம். மேல் உடல்! இங்கே காயலான் கடையைக் கொள்ளையடிக்கலாம். மெல்லிய ஒட்டுப்பலகையில் எலும்புக்கூடு செய்து, அதன்மேல் அலுமினியத் தகடு போர்த்துவார்கள். விளம்பரப் பலகைகளிலிருந்து கழற்றிய தகடு இதற்கு அருமையானது; எழுத்துகளை உட்புறமாகத் திருப்பிவிட்டால் முடிந்தது. எவர்சில்வர் கிண்ணம் முன்விளக்கின் கூடு ஆகும். பித்தளைக் குழாயின் வால்வு பெட்ரோல் மூடியாகும். கிழிந்த தோல் சோபாவின் நல்ல பகுதி இருக்கையாகும். இடுப்புவார் பானெட்டைக் கட்டும் பட்டையாகும். புகாட்டி கார்களில் பானெட்டின் மேல் தோல்வார் இறுக்கிக் கட்டியிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக என்று பலரும் எண்ணுகிறார்கள். மேடுபள்ளமான சாலையில் பானெட் திறந்து பறந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வார்.

மெக்லாரனிடம் மீண்டும் வர வேண்டும் என்றேன் அல்லவா? 1970ஆம் ஆண்டு ஜூன் 2. இங்கிலாந்தில் குட்வுட் பந்தயத் திடலில் புரூஸ் மெக்லாரன் தம் நிறுவனத்தின் புதிய காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். மிக விரைந்து செல்கையில் பின்புற மேற்கூடு பிய்த்துக்கொண்டு போயிற்று. அந்தக் கூடு வெறும் மூடி அன்று. காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதும் அதுவே. அது போனதும் கார் கட்டுக்கடங்காமல் சுழன்று மோதியது. முப்பத்திரண்டு வயதில் அவர் இறந்தார். குப்பையிலிருந்து காரைப் பூட்டக் கற்ற பிள்ளை. ஒவ்வொரு திருகையும் தொட்டு அறிந்த கை. நமது சிறு வண்டி மணிக்கு அறுபது கிலோமீட்டர் அளவில்தான் ஓடும். அந்த வேகத்தில் அதன் மேல் உடல் கழன்றால் தெருவில் சிரிப்புக்கு ஆளாவதோடு போகும் என்று நான் எண்ணுகிறேன். எண்ணுகிறேனே ஒழிய, என் வீட்டுப் பிள்ளையாயின் அந்த வாரை நானே இழுத்துப் பார்த்த பிறகுதான் ஏறச் சொல்வேன். தந்தையும் மகனும் சேர்ந்து பூட்டிய அந்த ஆஸ்டின் செவன், பிற்காலத்தில் மெக்லாரன் நிறுவனத்தின் தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

நம் நாட்டில் இதைச் செய்யத் துணியும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பதிவு பெறாத மோட்டார் வாகனத்தைச் சாலையில் ஓட்டுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. வீட்டில் செய்த வண்டிக்குப் பதிவு வாங்குவது எளிதன்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வயது நிரம்பாத பிள்ளை மோட்டார் வாகனக் குற்றம் புரிந்தால் பெற்றோரோ பாதுகாவலரோ மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் 25,000 ரூபாய் அபராதத்திற்கும் உள்ளாகலாம். “தெருமுனை வரைக்கும்தானே!” என்று பிள்ளை கெஞ்சும். தோப்போ, மதிலுக்குள் அமைந்த வெற்று மனையோ இருந்தால் அங்கேயே ஓடட்டும். இல்லையேல், எஞ்சினை விட்டுவிட்டு, மிதித்து ஓட்டும்படியாகவே வண்டியைச் செய்யுங்கள். பற்றவைப்பும் அளவெடுப்பும் கைப்பழக்கமும் அதிலும் அதே அளவுதான் கிடைக்கும்.

வண்டி முடிந்த அன்று எல்லோரும் எஞ்சினை முடுக்கிப் பார்க்கவே துடிப்பார்கள். பொறுங்கள். முதல் நாள் எஞ்சின் வேண்டாம். சமதரையில் ஒருவர் அமர, இருவர் தள்ளட்டும். ஓடும்போது பிரேக்கை மிதித்துப் பார்க்கட்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பிடிக்கிறதா என்று மண்ணில் விழும் தடத்தைப் பார்க்கட்டும். இடம், வலம் திருப்பட்டும். பின்னர் வண்டியைக் கட்டைகளின்மேல் ஏற்றி, ஒவ்வொரு நட்டையும் மறுபடி ஸ்பானரால் தொட வேண்டும். புதிதாகப் பூட்டிய நட்டுகள் முதல் ஓட்டத்தில் சிறிது தளர்வது இயற்கை.

கடைசியாக, பட்டறைக்காரர்களின் பழக்கம் ஒன்று. இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும், அதை ஒட்டிய இரும்பின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவார்கள். விலையுயர்ந்த சாயம் எதுவும் வேண்டியதில்லை. வீட்டுப் பெண்பிள்ளைகளின் நகப்பூச்சுக் குப்பி போதும், கேட்டு வாங்கினால் தருவார்கள். நட்டு இம்மியளவு திரும்பினாலும் அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டும். ஒவ்வொரு முறையும் வண்டியை வெளியே எடுக்குமுன் குனிந்து, கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஒன்று பிரிந்திருந்தாலும் அன்றைக்கு வண்டி கொட்டகையை விட்டு வெளியே வர வேண்டாம்.